முதல் வெட்டு ரோமம்

காலை ஒன்பது பத்துக்கு அவள் ஆட்டு ரோம மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். ஒன்றும் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு தொட்டதுபோல இருந்தது.

ஒரு மாதமாக இப்படித்தான். போன ஞாயிறு கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கம்பளி ஆலையில் தரம் பிரிப்பது அவள் வேலை. ஆட்டுக்குட்டிக்கு ஏழெட்டு மாதத்தில் முதல் தடவை கத்தரிக்கிற ரோமம் தனி ரகம். அதுவரை கத்தி படாத நுனி மெலிந்து போயிருக்கும். தோலில் பட்டால் வளைந்துகொடுக்கும். அடுத்த வெட்டிலிருந்து இரண்டு முனையும் மொட்டை. குத்தும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விரலுக்குத்தான் தெரியும். குட்டி ரோமம் இடது தொட்டிக்கு, பச்சைக் குழந்தைகளின் போர்வைக்கு. மற்றது வலது தொட்டிக்கு.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பிடி எடுத்து மேலுதட்டில் ஒற்றினாள். உதடு இன்னும் கைவிடவில்லை. இடது தொட்டி.

“என்ன அண்ணி, கம்பளிக்கு முத்தமா?” பக்கத்து மேசையிலிருந்து நாத்தனார். “எங்கண்ணன் கிட்ட வந்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க!”

“மூக்கு அரிச்சுதுடி. உன் வேலையப் பாரு.”

மேற்பார்வையாளர் கையில் ஒரு சின்னப் போர்வையோடு வந்தார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்திருக்கு. குறைமாசக் குழந்தைம்மா. கழுத்தெல்லாம் உரசிப் புண்ணாயிடுச்சாம். பெரிய ஆட்டு ரோமம் கலந்திருக்கு.”

போர்வை மூலையில் தைத்திருந்த சீட்டில், ரோமம் பிரித்த வாரம் அச்சாகியிருந்தது. விரல் மரத்துப்போன முதல் வாரம். உதட்டுக்கு மாறுவதற்கு முன், குத்துமதிப்பாகப் பிரித்த வாரம்.

“உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கைதான். கண்ணக் கட்டிட்டு, ஒரு கையில குட்டி ரோமம், இன்னொண்ணுல பெரிய ஆட்டு ரோமம் வைப்பேன், எது குட்டின்னு சொல்லுங்க. கை மேசையிலயே இருக்கணும்.”

நாத்தனார் முதலில் உட்கார்ந்தாள். தொட்ட மாத்திரத்தில் சொன்னாள். “வலது கை குட்டி. இதுக்குப் போய் கண்ண வேற கட்டணுமா சார்?”

பிறகு நாத்தனாரே அவள் கண்ணைக் கட்டினாள். முடிச்சு இறுகியது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தாள். எப்போது வைப்பார்கள் என்று காத்திருந்தாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“அண்ணி,” நாத்தனார் குரல் காதோரம் வந்தது. இப்போது அதில் சிரிப்பில்லை. “வச்சு எவ்வளவு நேரமாச்சு. எது குட்டி?”