வேலையில் நிற்கும் உரிமை

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில் பிறந்தது. நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் ஆலை. அங்கே மீன் வெட்டும் குன்வோரைத் தவிர அந்த மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். (ஏழு பேர். அதற்குப் பிறகு வருகிறேன்.)

முதல் வரி சுலபமாக வரவில்லை, பிள்ளைகளே.

"குன்வோர் ஒரு வீராங்கனை..." வேண்டாம். இப்படி எழுதியதைக் கண்டால் கத்தியைத் துடைத்தபடி என்னை முறைப்பாள்.

"குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்த அன்று..." இது இருக்கட்டும்.

2

குளிரூட்டும் குழாயில் அமோனியா கசிந்த அன்று, குன்வோர் ஆலையை நிறுத்தினாள். தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி அவள். நிறுத்தும் அதிகாரம் சட்டப்படி அவளுக்கு உண்டு. இரண்டு மாதம் கழித்துப் பணிநீக்கக் கடிதம் வந்தது. காரணம்: "ஒத்துழைப்பதில் சிரமம்."

அவள் வழக்குப் போட்டாள். வழக்கு முடியும்வரை இங்கே ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. ஆகவே விலக்கப்பட்டவள் தினமும் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்து, தன் பழைய இடத்தில் நின்று மீன் வெட்டினாள்.

(இந்த இடத்தில் சட்டத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி இருந்தது. புகழ்ச்சி உண்மைதான். அவள் முகம் அதில் இல்லை என்பதால் அடித்துவிட்டேன்.)

3

யாரும் அவளோடு கதைக்கவில்லை. இங்கே ஒருவர் துன்பத்தில் இருந்தால் அவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை. எல்லோரும் மரியாதையாகக் கையிலிருந்த பாண் துண்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவள் அதை வெறுப்பென்று எண்ணினாள்.

தொழிற்சங்கத்து ஸ்டைனார் மட்டும் வந்து பக்கத்தில் இருந்தான்.

"ஆலைக்காரர் ஒரு தாள் தந்திருக்கிறாங்கள்," என்றாள். "கையெழுத்துப் போட்டால் வழக்கில்லை. வெள்ளிக்கிழமையோட வீட்டை போகலாம்."

"போட்டிடாதை. வெல்லுவாய், குன்வோர். சட்டம் உன்னை வேலையில வைச்சிருக்கும்."

"வைச்சிருக்கும். என்னோட கதைக்குமோ?"

"நான் கதைக்கிறன்தானே?"

"நீ கதைக்கிறது முழுக்கச் சட்டப் பிரிவு. மனுசர் மாதிரி காத்து, மழையைப் பற்றி ஏதும் சொல்லன்."

அவன் யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான்.

"காத்து... அடிக்குது."

"அட, பெரிய கண்டுபிடிப்பு!"

அந்தக் கிழமை முழுவதிலும் அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

4

ஏழாவது ஆள் நான்.

மொழி தெரியாமல் வந்து இறங்கிய என் முதல் குளிர்காலத்தில், உறைந்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துக் கத்தி பிடிக்கக் காட்டியவள் அவள். அவளுக்கு நேரெதிரே இருந்துகொண்டு நான்...

(இந்த வாக்கியத்தைப் பதினெட்டு வருடமாக முடிக்கப் பார்க்கிறேன்.)

அந்த ஊர் மரியாதையை நானும் நன்றாகக் கற்றிருந்தேன். இன்றைக்கும் யாராவது என் பெயரைக் கொஞ்சம் பிழையாக, கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டால் அவளோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

5

முதல் முடிவு: அவள் கையெழுத்துப் போடவில்லை, வழக்கில் வென்றாள்.

மற்றது: போட்டாள், திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் நிம்மதியாகவோ கவலையாகவோ எழுந்து போய்விடுவீர்கள். போக விடமாட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம். தாள் அவள் முன்னால் இருக்கிறது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். நான் எழுந்து, என் இடத்தில் உங்களை இருத்துகிறேன். அவள் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

சரியான சொல் வரட்டும் என்று காத்திராதீர்கள், கண்ணுகளா. நான் காத்திருந்தேன்.