அகஸ்தா மண்டியிடவில்லை

அந்தச் சனிக்கிழமை காலை பால் ஆலை அரங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். இசை நாடகத்தை எழுதி இயக்கும் நோலன் ப்ரீஸ், நான்கு வருடத்துக்கு முன் சிகாகோவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். பியானோவில் லொயிஸ் பெக், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். ஹார்டுவேர் கடை கேரி ஹப், ஊரில் எந்த நாடகம் போட்டாலும் மேயர் வேடம் அவனுக்குத்தான். கல்யாணமாகி வேறு பெயர் வந்த பிறகும் ஊருக்கு ஸ்கோக்காகவே இருக்கும் டோரின் ஸ்கோக். பிறகு மின்னா ராட்கே. ஆறாவதாகத் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர் எவரும் அங்கே இல்லை.

மற்ற வேடங்களுக்கெல்லாம் வியாழக்கிழமையே ஆள் எடுத்தாகிவிட்டது. மீதி இருந்தவை இரண்டு பெண் வேடங்கள்.

கேரி ஓர் எண் அட்டையை நீட்டினான். "பதினாலு. நெஞ்சுல குத்திக்கோங்க மிஸ் ராட்கே."

"வாசல் கல்லுல எங்கப்பா பேரைச் செதுக்கியிருக்கு. படிச்சுட்டுத்தான உள்ள வந்த?"

"படிச்சேன். அதுல நம்பர் இல்லியே."

மின்னா அட்டையை வாங்கிக் கோட்டில் நேராகக் குத்திக்கொண்டாள். இந்தக் கட்டடம் ராட்கேக்களின் பால் ஆலையாக இருந்தது. ஊருக்கு அரங்கமாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது அவள் அப்பா. முப்பது வருடமாக முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாளே தவிர, அவள் மேடை ஏறியதில்லை. இப்போது அறுபத்திரண்டு வயதில் ஏற வந்ததற்குக் காரணம் நோலன் எழுதிய கடைசிக் காட்சி.

1933 குளிர்காலத்தில் பால் விலைத் தகராறு முற்றியபோது, மின்னாவின் அம்மா அகஸ்தா இந்த ஆலையின் கம்பிக் கதவைப் பூட்டினாள். வெளியே விவசாயிகளின் பால் பனியில் உறைந்தது. டோரினின் அம்மா இங்கா கம்பி இடுக்கு வழியாக அகஸ்தாவின் முகத்தில் துப்பினாள். அடுத்த வசந்தத்துக்குள் ஸ்கோக் பண்ணை கைவிட்டுப் போயிற்று. இவ்வளவும் நடந்ததுதான். பதினொரு வயது மின்னா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஆனால் நோலனின் நாடகத்தில் அகஸ்தா கதவைத் திறந்து, பனியில் மண்டியிட்டு, மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறாள். அம்மா யார் முன்னாலும் மண்டியிட்டதில்லை. வேடத்தைத் தானே வாங்கிவிட்டால் நின்றபடியே பாடிவிடலாம். மின்னா வந்தது அதற்காக மட்டும்தான்.

நிரப்பவேண்டிய தாளின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. 'எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்பீர்களா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். மின்னாவின் பேனா ஒரு கணம் நின்றது.

"இல்லைங்கிறதுல போடு மின்னா," என்றாள் டோரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "உங்க வீட்டு ஆளுங்களுக்கு மேல் நாற்காலிதான சரிப்படும்."

மின்னா 'ஆம்' கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். "நீ?"

"எப்பவோ போட்டாச்சு. கிடைச்சதைத் தின்னு வளந்தவங்க நாங்க."

முதலில் பாட்டு. மின்னா ஒரு பழைய தேவாலயப் பாட்டை எடுத்தாள். உச்சத்தில் குரல் உடைந்தது. லொயிஸ் சுருதியை ஓசைப்படாமல் இறக்கினாள். மின்னா நிறுத்திவிட்டாள்.

"உன்னை யாரு இறக்கச் சொன்னா?"

"உங்க தொண்டைதான்."

"ஏத்து."

லொயிஸ் ஏற்றினாள். அதே இடத்தில் குரல் மறுபடி உடைந்தது. மின்னா நிற்காமல் கடைசி வரி வரை பாடி முடித்தாள். பிறகு டோரின் பாடினாள். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. மின்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமே அகஸ்தா வேடம்தான் கேட்டிருக்கீங்க," என்றார் நோலன். "உங்களுக்கு எதுக்கு டோரின்?"

"அந்தப் பொம்பளையை எப்படிக் காட்டணும்னு எனக்குத் தெரியும்."

மின்னா எதைத் தடுக்க வந்தாளோ அது கண்ணெதிரில் நின்றது. அம்மாவைக் கேலிப்பொருளாக்க ஒரு ஸ்கோக்.

கடைசிக் காட்சியைப் படித்துக் காட்டச் சொன்னார் நோலன். மின்னா அகஸ்தாவாக நின்றாள். வசனத்தைக் கல்வெட்டுப் படிப்பதுபோலப் படித்தாள்.

"இப்ப மண்டி போடுங்க மிஸ் ராட்கே."

"மாட்டேன்."

"அப்படித்தானே எழுதியிருக்கு."

"எழுதினது தப்பு."

"இது கதைங்க."

"உங்களுக்குக் கதை."

கேரி சிரிப்பை இருமலாக்கினான். நோலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, மாத்திப் படிங்க. நீங்க இங்கா. டோரின், நீங்க அகஸ்தா. ஒரே ஒரு தடவை."

எதிரே டோரின் போய் நின்றாள், முகவாயைத் தூக்கிக்கொண்டு. அந்த முகவாயைப் பார்த்ததும் மின்னாவுக்குத் தாள் தேவைப்படவில்லை. ஐம்பத்தொரு வருடம் சேர்த்து வைத்த கசப்பு முழுவதும் இங்காவின் வார்த்தைகளில் ஏறி வெளியே வந்தது.

"உன் கதவு உன்னோட கிடந்து துருப்பிடிக்கட்டும் அகஸ்தா! என் பிள்ளைங்க குடிக்காத பால் உன் பிள்ளை தொண்டையில நிக்கட்டும்!"

லொயிஸின் கை பியானோவிலிருந்து இறங்கியது. கேரி இருமவில்லை. அந்தப் பிள்ளை தான்தான் என்பது சொல்லி முடித்த பிறகே மின்னாவுக்கு உறைத்தது.

"மண்டி போடுங்க டோரின்," என்றார் நோலன் மெல்ல.

டோரின் அசையவில்லை. "போட மாட்டேன்."

"நீங்களுமா?"

"அவ போடலை. துப்பினதைத் துடைக்கக்கூட இல்லைன்னு எங்கம்மா சாகிற வரைக்கும் சொன்னா. மன்னிப்புக் கேக்கிற பொம்பளையா இருந்தா எங்கம்மா அவளை இத்தனை வருஷம் வெறுத்திருக்க முடியுமா? அகஸ்தாவை மண்டி போட வச்சா எங்கம்மாவோட கோபத்துக்கு என்ன மரியாதை இருக்கு?"

மின்னா சொல்ல வந்ததை வேறொருத்தி, அதுவும் அவள், சொல்லிவிட்டாள்.

திங்கள்கிழமை வாசல் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. அகஸ்தா: டோரின். இங்கா: மின்னா ராட்கே. அடியில் பேனாவால் எழுதியிருந்தது, 'கடைசிக் காட்சியில் அகஸ்தா நிற்கிறாள்.'

மின்னா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அம்மா நிற்பாள். ஆனால் ஊர் பார்க்க அம்மாவைச் சபிக்கப்போவது பெற்ற மகள்.

பனிக் காலணிச் சத்தம் பின்னால் கேட்டது. "விட்டுட்டுப் போயிடு," என்றாள் டோரின். "எதிர்பாத்ததுதான்னு ஊரும் சும்மா இருந்துடும்."

"ஆம்னு போட்டிருக்கேன்."

"அழிச்சுக்கலாம்."

"பேனாவுல போட்டது." மின்னா கையுறையை மாட்டிக்கொண்டாள். "மேடையில நேரா நில்லு. எங்கம்மாவுக்குக் கூன் கிடையாது."

"நீ நல்லாத் துப்பு. எங்கம்மா குறி தப்பினதில்ல."

இருவரும் ஒரே கதவு வழியாக வெளியே வந்து எதிரெதிர்ப் பக்கமாக நடந்தார்கள்.

முதல் ஒத்திகையிலேயே மின்னா ராட்கே டோரினின் முகத்தில் நிஜமாகத் துப்பிவிட்டாள் என்று ஹார்டுவேர் கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய். துப்ப வேண்டியது நாற்பத்தோராம் பக்கத்தில். அன்றைய ஒத்திகை பதினெட்டாம் பக்கத்தோடு முடிந்தது.