வலது மூலையில் மூன்று மில்லிமீட்டர்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றி, ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டையும் கழுவினான். முகம் மழித்தான். ஏழு நாற்பதுக்கு முன்னறை மேசையில் இருந்த பொம்மை ரயிலின் விசையைத் திருப்பினான். ஏழு நாற்பத்தைந்துக்கு வலது மூலை வளைவில் இன்ஜின் தடம் புரண்டு சாய்ந்தது. மனைவி இறந்த நாளிலிருந்து அது முப்பத்தோராவது காலை, முப்பத்தோராவது முறை. ஒரு நிமிடம்கூட முன்பின் ஆனதில்லை.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். இம்மி பிசகினாலும் யாருக்கோ தலைவலி வரும் என்று அறிந்தவன். அதனால் அழுவதை ஒத்திவைத்துவிட்டுப் பழுது பார்த்தான். சக்கரங்களின் இடைவெளியை அளந்தான், சரியாக இருந்தது. தண்டவாள இணைப்புகளில் நகத்தை ஓட்டிப் பார்த்தான், பிசிறு இல்லை. ஒரு காலை பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டினான், விழுந்தது. இன்னொரு காலை எதிர்த்திசையில் ஓட்டினான், விழுந்தது. மாலையில் ஓட்டினான், ஒரு மணி நேரம் விழாமல் ஓடியது. அச்சில் ஒரு நீண்ட தலைமுடி சுற்றியிருந்தது. அதை இடுக்கியால் எடுத்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலை இன்ஜின் மறுபடி விழுந்தது.

மேசையைச் செய்தவர் மனைவியின் அண்ணன், தச்சர். கூப்பிட்டதும் வந்தார்.

"மாப்ள, ரயில் உங்களுது, மேசை என்னுது. பழிய எம்மேல போடாதீங்க. இதுமேல யானையே படுக்கலாம்."

"யானை வேணாம் மச்சான். ரசமட்டத்த எடுங்க."

ரசமட்டத்தை வலது மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழு நாற்பத்தைந்துக்கு அதன் குமிழி மெல்ல நகர்ந்து ஒரு பக்கம் ஒதுங்கியது. யாரும் தொடாத மேசையின் மூலை மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்தது. பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தது. தச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். காதில் செருகப் போன பென்சில் கன்னத்தருகே நின்றுவிட்டது. அந்த மூலையில் இடது முழங்கையை ஊன்றித்தான் அவள் தினமும் காப்பி குடிப்பாள். தச்சர் எழுந்து தன் முழங்கையை அங்கே ஊன்றிப் பார்த்தார். அதே மூன்று மில்லிமீட்டர்.

"சின்னதுலேர்ந்தே இப்படித்தான். எதுலயாச்சும் சாஞ்சுக்கிட்டே நிப்பா, கழுத" என்றார்.

மறுநாள் ஒரு முட்டுக்கட்டையோடு வந்தார். "இத அடியில குடுத்தா மேசை அசையாது. ரயில் ஓடும்."

"அசையவே அசையாதா?"

தச்சர் கட்டையைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அவன் மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளின் அட்டையை வெட்டி, அடுக்கி ஒட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு அந்த வளைவில் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்தான். இப்போது மேசை மட்டமாக இருந்தால் தண்டவாளம் கோணல். மூலை தாழ்ந்தால் தண்டவாளம் மட்டம். ஏழு நாற்பத்து நான்குக்கு ஓட்டினால் இன்ஜின் விழும். ஏழு நாற்பத்தைந்துக்கு ஓட்டினால் விழாது. மற்ற இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடமும் அந்த ரயில் ஓடாது.

அக்கம்பக்கத்தார் சில வாரம் வந்து வாயைப் பிளந்தார்கள். பிறகு கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள மட்டும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் நின்றது. ஏழு ஆண்டுகளில் மேசை இரண்டு முறை வீடு மாறியது. புது வீட்டில் முதல் நாள் மூலை நான்கு நிமிடம் தாமதமாகத் தாழ்ந்தது. வழி விசாரித்திருப்பாள் என்றார் தச்சர்.

இப்போதெல்லாம் ரசமட்டத்தின் குமிழி நகரும்வரை அவன் விசையைத் தொடுவதில்லை. அவள் இறந்த அந்த முதல் காலை பொறுக்காமல் தொட்டுவிட்டான். முந்தின நாள்தான் தண்டவாளம் பதித்து முடித்திருந்தான். கை சும்மா இருக்கவில்லை. இன்ஜின் விழுந்ததும் அதைத் திருப்பிப் பிடித்துச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெருமுனையில் லாரி திரும்பியபோது மணி ஏழு நாற்பத்தைந்து என்றார்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்பு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இதுதான்:

"பால் வாங்கிட்டு ஓடி வந்துடறேன். நான் வர்றதுக்குள்ள ஓட்டிடாதீங்க."