சோப்பு அக்கா

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சாமானுக்கா பஞ்சம்? டாக்டரம்மாவின் முதல் மைக்ராஸ்கோப் இருந்தது. குழந்தைகளை வாரிக்கொண்டு போன காய்ச்சலின் வைரஸை அவர் முதன்முதலில் பிடித்தபோது எழுதிய நோட்டு இருந்தது. பதக்கங்கள் வேறு. அதெல்லாம் போதாதென்று, கண்காட்சி வேலையை இழுத்துப் போட்டுச் செய்த இளம் ஆராய்ச்சியாளர் பழைய பீரோவைக் குடைந்து ஒரு தாளையும் எடுத்துவிட்டாள். மேடம் அந்தக் காலத்திலேயே எவ்வளவு கறார் என்று பூரித்துப்போய் நீட்டினாள். டாக்டரம்மாவின் கையெழுத்தில் இரண்டே வரி: 'குப்பி கழுவும் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை. உடனே மாற்றவும்.'

டாக்டரம்மாவுக்கு முகம் செத்துப்போனது. இது வேண்டாம் என்று மட்டும் சொல்லி, தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விழா. புதுக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்கிறார்கள்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் நடந்தது இதுதான். காய்ச்சல் கண்ட குழந்தைகளின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியை, குப்பிகளில் வளர்த்த செல்களின் மேல் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறாம் நாள் செல்கள் உருண்டு சுருங்கி, கண்ணாடியை விட்டு உதிர்ந்து கிடந்தன. செல் செத்தால் அந்த ஆய்வகத்தில் எல்லார் வாயிலும் முதலில் வருகிற வார்த்தை, சோப்பு. குப்பியில் பொட்டுச் சோப்பு ஒட்டியிருந்தாலும் செல் தாங்காது. பக்கத்துத் தட்டில், மாதிரி விடாத குப்பிகளில், செல்கள் ஜம்மென்று இருந்தன. அவற்றையும் கழுவியது அதே கைகள்தான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட அதைத்தான் முதலில் பார்க்கும். படித்த மேதைக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம், பார்க்கவில்லை. அத்தனை தட்டையும் கொட்டிவிட்டு, குப்பி கழுவும் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர். அதுவரை "வாங்க, போங்க" என்றுதான் பேச்சு. அன்று எல்லார் முன்னாலும் "உனக்குக் கழுவக்கூடத் தெரியாதா?" என்று கேட்டார். ஏழு தடவை அலசினேன் என்று அக்கா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே பக்கத்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 'சோப்பு அக்கா' என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் டாக்டரம்மா தன் கையாலேயே குப்பிகளைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஆறாம் நாள் செல்கள் அதேபோல உருண்டு உதிர்ந்தன. அப்போதுதான் பொறி தட்டியது: இது சோப்பு இல்லை, வைரஸ். அதன்பிறகு உலகமே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பொறுமையால் ஜெயித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. பொறுமையாம். அவரும் அதைத் திருத்தவில்லை. அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் தள்ளினார், அப்புறம் ஒரு வருஷம். அதற்கப்புறம் இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததே வெட்கமாகிப் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா எதிரே வந்தால், கையிலிருக்கும் ஃபைலைப் படிக்கிற மாதிரி கடந்துவிடுவார்.

தாள் கிடைத்த அன்று மாலை அக்காவின் விலாசம் விசாரித்துப் போனபோது கதவைத் திறந்தது மருமகள். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொடுக்க டம்ளரை எடுத்தார். குழாயடியில் அலசினார். மறுபடி அலசினார். ஏழு தடவை. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எங்க அத்தை ஒரு டம்ளர் கழுவினா தொட்டியே காலி. ஏன்னு கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டாங்க" என்று மருமகள் சிரித்தாள்.

டாக்டரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அக்கா, அன்னிக்கு உங்க மேல ஒரு தப்பும் இல்ல. குப்பியில சோப்பே இல்ல. செல்லைக் கொன்னது அந்த வைரஸ்தான்."

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் குடியிருந்த பழைய தெருவில், எதிர்வீட்டுக் குழந்தை அதே வருஷம் அந்தக் காய்ச்சலில்தான் போனது. தான் ஒழுங்காகக் கழுவியிருந்தால் மருந்து ஒரு மாதம் முன்னதாக வந்திருக்கும், குழந்தை பிழைத்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்தத் தாயின் முகத்தில் விழிக்க முடியாமல்தான் வீட்டையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

தடுப்பூசி வரவே ஆறு வருஷம் ஆனது, ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷம்தான் முப்பத்தொரு வருஷமாக டாக்டரம்மாவுக்குக் கிடைக்காமல் போனது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

இப்போதுதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"அடுத்த மாசமே தெரியும்."

மருமகளின் சிரிப்பு நின்றது. அவள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"நாளைக்கு மேடையில எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்க்கா."

"மேடையில சொன்னா அதுக்கும் கை தட்டுவாங்க."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். வரும் வழியிலேயே அந்தப் பேச்சை மனசுக்குள் எழுதி முடித்திருந்தார். எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு போய், மிச்சத் தண்ணீரைக் கொட்டி, ஒரே ஒரு தடவை அலசிக் கவிழ்த்தார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்தக் குழந்தையோட அம்மா இன்னும் அதே வீட்லதான் இருக்காங்க. சொல்லாமக்கூட ஓடி வந்தவ நான். ஏன் வந்தேன்னு நீங்க வந்து சொல்லுங்க."

பழைய தெருவை நோக்கி அக்கா முன்னால் போனார். டாக்டரம்மா இரண்டடி பின்னாலேயே நடந்தார்.