படகில் ஒரு நடுச்சுவர்

உலகம்மாளுக்குப் புருஷனிடம் சொல்ல ஒரு சேதி இருந்தது. அதை முதலில் அவன் காதில்தான் போடவேண்டும், அம்மாவுக்குக்கூட அப்புறம்தான் என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அதற்குள் பாழாய்ப்போன ஆடி மாதம் பிறந்துவிட்டது. வைகாசியில் கட்டிக்கொடுத்த பெண்ணைத் தென்காசித் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடக்கூடாதாம். அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் மாதம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாதாம்.

அவள் புருஷன் செல்லப்பா, குற்றாலத்தில் சீசன் குளிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மாமனார் வீட்டில் வந்து இறங்கினான். சாயங்கால ரயிலில் அவன் கொல்லத்துக்கு வேலைக்குத் திரும்பவேண்டும். விட்டால் ஆவணிதான். அதற்குள் அம்மா மோப்பம் பிடித்து ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். அவன் காதுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். நினைத்தாலே உலகம்மாளுக்கு அழுகை முட்டியது.

அவளுடைய அப்பா சிவனணைந்தபெருமாள் வரப்புத் தகராறு தீர்ப்பதில் பேர்போனவர். செல்லப்பா நேரே அவரிடமே வழக்கை வைத்தான்.

"ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது, அவ்வளவுதான மாமா? படகுக்கு ஏது கூரை? நானும் அவளும் சித்தாத்துல அரை நாள் படகுல போயிட்டு வாரோம்."

வீட்டில் படகு இருந்தது. ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. தொழுவத்தில் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் மாடுகள்தான் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன.

சிவனணைந்தபெருமாள் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். மாப்பிள்ளை சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மனிதர் தோற்றதை ஒப்புக்கொள்வாரா?

"சரி மாப்ள. முன்பாதி எங்க வீடு. பின்பாதி உங்க வீடு. ரெண்டு வீட்டுக்கு நடுவுல சுவரு வேணும்லா? அதுக்கு நான் இருக்கேன்."

குற்றாலத்துக்குக் கீழே சிற்றாறு கொஞ்சம் அகலமாகிற இடத்தில் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார்கள். வண்டி மாடுகள் தங்கள் சாப்பாட்டுத் தொட்டி தண்ணீரில் போவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தன. முன்னால் உலகம்மாள், பின்னால் துடுப்போடு செல்லப்பா, நடுவில் மடியில் குடையோடு சுவர்.

சாரல் குறைவான வருஷம். முழங்கால் தண்ணீரில் மூன்று பேர் பாரத்தோடு படகு தரையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் தலைப்பாகைதான் தெரிந்தது.

"ஏங்க, பசிக்குதா?" என்றாள்.

"நேரா பேசக்கூடாது," என்றார் சுவர். "எங்கிட்ட சொல்லு, நான் சொல்லுதேன். மாப்ள, பசிக்குதான்னு கேக்கா."

"இல்லன்னு சொல்லுங்க மாமா."

"இல்லையாம்."

இப்படியே மேலகரம் வரை குடும்பம் நடந்தது. நடுவில் திடீரென்று சாரல் விழுந்தது. சிவனணைந்தபெருமாள் குடையை விரித்தார். விரித்த கையோடு திடுக்கிட்டுச் சுருக்கினார்.

"குடை விரிச்சா கூரையாயிரும்லா!"

கையில் குடையை வைத்துக்கொண்டு மூன்று பேரும் நனைந்தார்கள்.

ஒரு வளைவில், பாறையடியில் மணலைக் கிளப்பிக்கொண்டு ஊற்று குமிழியிட்டது. அதைப் பார்க்கலாம் என்று செல்லப்பா படகை ஒதுக்கியபோது படகுக்குள்ளேயே ஒரு ஊற்று கிளம்பியது. என்றோ மாடு உதைத்த இடம் விட்டுக்கொண்டது. ஓட்டை சரியாக அப்பாவுக்கு அடியில். யார் வீட்டு ஓட்டை, யார் அடைப்பது?

"சுவர்ல விழுந்த ஓட்டை. சுவரே பாத்துக்கிடும்," என்று தீர்ப்புச் சொல்லி, துண்டை மடித்து வைத்து அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். ஊற்று நின்றது.

தூரத்தில் தென்காசி யானைப்பாலம் தெரிந்தது. அங்கே இறங்கினால் கூட்டம், வீடு, அப்புறம் ரயில். உலகம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவ்வளவு ஆசையாகப் பொத்திவைத்ததை இந்தச் சுவர் வழியாகத்தான் அனுப்பவேண்டுமா? வேறு வழியில்லை.

"அப்பா, அவங்கட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, சொல்லிருதேன்."

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குன்னு சொல்லுங்க."

காலையிலிருந்து சொல்லிப் பழகிய வாய். சிவனணைந்தபெருமாள் தலையைத் திருப்பி, "மாப்ள, எனக்கு நாள் தள்ளிப் போயி..." என்று ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டார்.

செல்லப்பாவின் துடுப்பு கைநழுவி ஆற்றோடு போயிற்று. சிவனணைந்தபெருமாள் மாசி, பங்குனி என்று விரல்விட்டு முணுமுணுத்தார். எப்படி எண்ணியும் சித்திரை வரவில்லை.

"அப்ப நான் இங்கன எதுக்கு உக்காந்திருக்கேன்?" என்றார்.

யாரிடம் கேட்டாரோ. பதிலுக்குக் காத்திராமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். பாரம் குறைந்த படகு அன்றைக்கு முதல்முறையாகத் தரையைவிட்டு எழும்பி மிதந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டது.

"மாப்ள, நடுவுல போயி உக்காருங்க! முங்கிரப் போவுது!"

செல்லப்பா தாவி வந்து துண்டின்மேல் உட்கார்ந்தான். அவன் மூச்சு உலகம்மாளின் பிடரியில் பட்டது. மறுபடி சாரல் பிடித்தது. அப்பா தண்ணீரில் தடுமாறிக்கொண்டே கூட நடந்து வந்தார். குடையை விரித்து, இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்தார்.

"கூரையாயிரும்பா," என்றாள் உலகம்மாள்.

"ஆனா ஆயிட்டுப் போவுது," என்று முகத்தை அந்தக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உலகம்மாள் திரும்பிப் புருஷனின் காதில் வாயை வைத்தாள். காலையிலிருந்து சொல்ல வந்ததை, ஒரு வார்த்தை விடாமல், ரகசியமாகச் சொன்னாள்.

"அப்படியாட்டி!" என்றான் செல்லப்பா, அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவனைப் போல.