கடலுக்குப் போன குத்து

பிராங்கிளின் விடும் குத்து எதிராளி மேல் படாவிட்டால், அடுத்து எதிர்ப்படுவது எதுவோ அதன் மேல் பட்டுத்தான் நிற்கும். ராயபுரத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. அவன் குத்துச்சண்டை சாம்பியன் ஆன வருஷம் மைதானத்தில் தவறிய இடது குத்து ஒன்று, தெருவைத் தாண்டிப் போய் டீக்கடைக்காரர் ஒருவரின் முன்பல் இரண்டைக் கொண்டுபோனது. மறுநாளே பிராங்கிளின் போய் மன்னிப்புக் கேட்டான். அவரும் டீ கொடுத்துத்தான் அனுப்பினார். அதன் பிறகு போட்டி நாட்களில் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள், கன்டெய்னர் லாரிக்காரர்கள் சுற்றுவழியில் போனார்கள்.

எதிரில் நிற்பவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் ஊரின் நிம்மதி இருந்தது. எம்.கே.பி. நகர் ஜஹாங்கீர் மார்போடு மார்பாக வந்து நிற்கிறவன். அவனிடம் பிராங்கிளினுக்கு ஆவேசமும் குறைவு, தவறும் குறைவு, ஊர் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிடும். தண்டையார்பேட்டை தீனா திருப்பி அடிப்பான். அடி வாங்க வாங்க பிராங்கிளினுக்கு ஆவேசம் ஏறும், கூடவே குறியும் கூர்மையாகும். சேதம் ஒரு ஜன்னல் கண்ணாடியோடு போய்விடும். திருவொற்றியூர் உச்சிமாகாளிதான் வினை. அவன் அடிக்கவே மாட்டான். சிரிப்பான், விலகுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பிராங்கிளினுக்குத் தலைக்கேறும். பாதிக்கு மேல் காற்றில் போகும், போவதெல்லாம் முழு பலத்தோடு போகும். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை பேசுகிற குரலிலேயே ஜனங்கள் இந்தக் கணக்கையும் பேசினார்கள். அவன் மனைவி ஜானட் மட்டும் அவனிடமே சொன்னாள்: "அடிக்கிறவன் மேல உனுக்குக் கோவமே இல்லய்யா. சிக்காதவன் மேலதான் வருது. அந்தக் கோவத்துல கண்ணு அவிஞ்சு பூடுது."

பட்டத்துக்கு உச்சிமாகாளி சவால் விட்டபோது பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் துறையில் கட்டிக்கிடந்தன. கடலோரம் ரிங் போட்டு, மூன்று பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, கடல் பக்கத்தை மட்டும் திறந்துவிடலாம் என்றார் விசைப்படகுச் சங்கத் தலைவர் சுப்புராயன். "கடலு காலியாத்தான கீது. தவறிச்சுன்னா மீனுங்கோ வாங்கிக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். தடைக்காலம் என்றால் கடல் காலி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய விசைப்படகுக்காரர்கள் அவர்கள். சின்னப் படகுகளுக்குத் தடை இல்லை, அவை தினமும் போய்வருகின்றன என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பிராங்கிளினுக்கே வரவில்லை. அவன் தம்பி ஆண்ட்ரூ ரத்தம் பார்க்க முடியாதவன், அண்ணனின் சண்டை எதையும் பார்த்ததில்லை. போட்டியன்று காலையிலும் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போயிருந்தான்.

முதல் இரண்டு ரவுண்டில் மணல் மூட்டைகள் கிழிந்து கொட்டின. மூன்றாவதில் உச்சிமாகாளி கடலுக்கு முதுகு காட்டி நின்று சிரித்தான். பிராங்கிளின் தன் ஆயுளிலேயே பெரிய குத்தை விட்டான். உச்சிமாகாளி தலையைச் சாய்த்துக்கொண்டான். தண்ணீர் ஒரே கோடாகப் பிளந்து, தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களுக்கு நடுவே புகுந்து கிழக்கே ஓடுவதைப் பார்த்துக் கூட்டம் விசிலடித்தது. அப்போதுதான் ஜானட் அலறினாள்: "அய்யோ, ஆண்ட்ரூ உள்ள கீறான்யா!" விசில் நின்றது. பிராங்கிளின் இரண்டு கைகளையும் தொங்கப் போட்டுவிட்டான். ஒருநாளும் அடிக்காத உச்சிமாகாளி மணி அடிக்கும்வரை அவனை அடித்தான், பட்டமும் அவனுக்கே போனது. அதைப் பார்க்க அங்கே ஆளில்லை, எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்ட்ரூ கூடை நிறைய சங்கரா மீனோடு கரைக்கு வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "ஒன்னியும் வர்லியேண்ணா, கடலு சும்மாத்தான் இருந்துச்சு" என்றான். பிராங்கிளின் வீங்கிய முகத்தோடு அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுது முடித்த பிறகுதான் அந்தக் குத்து இன்னும் எதிலும் படவில்லை என்பது கரையில் நின்ற எல்லோருக்கும் உறைத்தது. அங்கே செருப்பு, பொம்மை, கரைத்த விநாயகரின் கை என்று போட்டதையெல்லாம் கடல் திருப்பிக் கொண்டுவந்து தள்ளுகிறது. இதையும் தள்ளும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடலைப் பார்த்த ஜன்னல்களுக்குச் சிலர் பலகை அடித்தார்கள். கொஞ்ச காலம் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

பிராங்கிளின் இப்போது சண்டைக்குப் போவதில்லை. தினமும் தம்பியின் படகில் போகிறான். வலை இழுக்க அவனுக்கு வராது. படகின் முன்முனையில் கிழக்கே பார்த்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பான். திரும்பி வந்தால் அவனைத் தாண்டித்தான் அந்தக் குத்து ஆண்ட்ரூவிடம் வர வேண்டும். ஜானட் சோறு கட்டிக் கொடுக்கும்போது அவனுடைய பழைய ஹெட்கார்டையும் பையில் வைத்து அனுப்புகிறாள். படகு கரையை விட்டதும் அவன் அதை எடுத்துத் தம்பி தலையில் மாட்டிவிடுகிறான்.