இருபதாவது தலை

இருபது பேரின் மூளை அலைகள் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் சுபோதினியின் ஆய்வு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். பத்தொன்பது பேர் முடிந்தாயிற்று. கடைசியாக வரவிருந்த மாணவனுக்குக் காய்ச்சல். இரவல் கருவியோ நாளைக் காலையில் திரும்பிப் போகிறது. வேறு வழியில்லாமல், வெள்ளவத்தையில் தன் மேல்வீட்டில் இருக்கும் நாகேஸ்வரி அன்ரியை ஓட்டோவில் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

கம்பி தொங்கும் தொப்பியை மாட்டுவதற்காக அன்ரியின் கொண்டையை அவிழ்த்தாளோ இல்லையோ, நல்லெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது.

"ஐயோ அன்ரி, எண்ணெய் வைச்சனீங்களோ?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே? காலமை எண்ணெய் வைச்சு முழுகினனான். பிறகு, மூளைச் சோதினை எண்டனீ, சூடேறும் எண்டு திரும்பவும் ஒரு கை அப்பினனான்."

எண்ணெய்த் தலையில் தொப்பியின் மின்முனைகள் ஒட்டாது. அலையும் ஒழுங்காக வராது. பத்தொன்பது மாணவர்களில் ஒருத்தராவது தலைக்கு எண்ணெய் வைக்கிற ஆளில்லை. அதனால் அன்ரிக்குச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தன் மடத்தனத்தை நினைக்க அழுகை முட்டியது.

"இதுக்குப் போய் ஆரும் அழுவினமே? ஓடிப்போய் ஷாம்பு வாங்கிக்கொண்டு வா!" என்றார் அன்ரி.

ஆய்வுகூடத் தொட்டியில் அன்ரி தலையைக் குனிந்து நிற்க, சுபோதினி மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். மின்முனைகள் ஒட்டின.

சோதனை லேசானதுதான். திரையில் இடப்பக்கம் பொட்டு மின்னினால் கண் வலப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் மின்னினால் இடப்பக்கம். லேசு என்று வாய் சொல்லிவிடும், கண் கேட்க வேண்டுமே! முதல் பத்துத் தரமும் அன்ரியின் கண் பொட்டுக்குப் பின்னாலேயே ஓடியது.

"சனியன், பார் பார் எண்டு கூப்பிடுது!" அன்ரி பல்லை நெருமினார்.

"பல்லைக் கடிக்காதேங்கோ அன்ரி, அலை குழம்பும்!"

பிறகு பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! அடுத்த இருநூறு தரத்தில் நாலைந்துகூடப் பிழை போகவில்லை.

கணினி எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தது. பொட்டைப் பார்க்காமல் கண்ணை அடக்கிய தடவைகளில், கண் அசையுமுன்பே நெற்றிக்கு மேலே மெதுவான அலையொன்று எழும்பி நின்றது. சுபோதினி துள்ளிக் குதித்தாள்.

"வந்திட்டுது அன்ரி! நீங்கள் அடக்கினது அப்பிடியே தெரியுது!"

அன்ரி ஈரத் தலையோடு திரைக்குக் கிட்ட வந்து கனநேரம் பார்த்தார்.

"அடக்கிறது வெளியில தெரியுமோ பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசமா உங்கட தியாகராசா அங்கிளுக்கு முன்னால வாயை அடக்கிக்கொண்டு இருக்கிறன். 'நீர் சும்மாதானே இருக்கிறீர்' எண்டு சொல்லுறார் மனிசன்." அன்ரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இதில எனக்கொரு கொப்பி அடிச்சுத் தா. சாப்பாட்டு மேசைக்கு நேரே ஒட்டவேணும்."

சுபோதினி பெரிய தாளில், கலரிலேயே அடித்துக் கொடுத்தாள்.